நாக்கு விமானம் ஏறிய கதை

விமான நிலையத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் போய், சோதனை வரிசையில் பெல்ட்டைக் கழற்றி மாட்டி, உள்ளே மூன்று மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, விமானத்தில் மட்டும் ஏறாமல் வீடு திரும்பிய மனிதர் ஒருவர் உண்டு. சொன்னால் நம்பமாட்டீர்கள், பதினோரு வருடமாக அதுதான் அவருக்குப் பிழைப்பு. அலுவலகத்தில் அவரை 'நாக்கு' என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டிலும் விமான டிக்கெட்டிலும் மட்டும் இருந்தது.

விஷயம் இதுதான். கடன் அட்டை தரும் நிறுவனம் ஒன்று வசதியானவர்களுக்குத் தங்க நிறத்தில் ஓர் அட்டை கொடுத்திருந்தது. அதைக் காட்டினால், விமானம் ஏறும் முன் லவுஞ்ச் என்கிற குளுகுளு அறையில் மெத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு வேண்டிய மட்டும் சாப்பிடலாம். எந்த லவுஞ்சில் சாப்பாடு உருப்படி, எதில் வாயில் வைக்க விளங்காது என்று ஒப்பிட்டு மதிப்பெண் போட நிறுவனத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. டிக்கெட் இல்லாதவனை உள்ளே விடமாட்டார்கள். ஆகவே ரத்து செய்யக்கூடிய டிக்கெட் ஒன்றை எடுத்து நாக்கை அனுப்புவார்கள். அவர் போவார், தின்பார், குறித்துக்கொள்வார், வெளியே வருவார், டிக்கெட் ரத்தாகும். இப்படியாக அவர் டிக்கெட் எடுக்காத ஊர் கிடையாது, போன ஊரும் கிடையாது.

அக்கம்பக்கத்தில் வயிறெரிந்தார்கள். சும்மா தின்பதற்குச் சம்பளமா, எந்த மகராசன் கொடுக்கிறான் என்று கேட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? நாக்குக்கு மூன்று கரண்டி விதி ஒன்று இருந்தது. எதையும் மூன்று கரண்டிக்கு மேல் தொடக்கூடாது. வயிறு நிறைந்தால் நாக்கு பொய் சொல்லும் என்பது அவருடைய கட்சி. ஒவ்வொரு பண்டத்துக்கும் நடுவில் ஒரு மடக்கு வெதுவெதுப்பான தண்ணீர். சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு வெப்பமானி. சூப்பின் சூட்டுக்குப் பதினைந்து மதிப்பெண், ரொட்டிக்குப் பத்து, முட்டைக்குப் பத்து, பண்டங்களின் எண்ணிக்கைக்கு இருபது என்று நூறு வரைக்கும் கட்டம் கட்டிய நோட்டு. எதிரே கேக் மலை மாதிரி குவிந்திருக்கும், இவர் மூன்றாவது கரண்டியோடு எழுந்து போவார். பதினோரு வருடம் லவுஞ்சில் சாப்பிட்ட மனிதர் அங்கே ஒரு தட்டைக்கூடக் காலி செய்ததில்லை. வீட்டுக்கு வந்துதான் சோறு.

அவர் ஊர் விமான முனையத்தில் லவுஞ்ச் மூன்று. பெயர்ப்பலகையில் இருந்தவை வாயில் நுழையாத பெயர்கள் என்பதால் நாக்கு தானே பெயர் சூட்டிக்கொண்டார். மேல்மாடியில் இருப்பது 'கல்யாண வீடு'. வாசலில் இரண்டு பேர் குனிந்து வரவேற்பார்கள். பதினெட்டு வகை ரொட்டி, ஒன்பது வகைப் பாலாடைக்கட்டி, நடுவில் பனிக்கட்டியில் செதுக்கிய ஓர் அன்னப்பறவை. அடுத்தது 'ஆஸ்பத்திரி'. சுவர், மேசை, பரிமாறுகிறவர்களின் கையுறை எல்லாம் வெள்ளை. எல்லாவற்றையும் வேகவைத்துக் கண்ணாடி மூடிக்குள் வைத்திருப்பார்கள், சூப் என்றைக்கும் அறுபத்தெட்டு டிகிரி. மூன்றாவது 'சந்து'. செருப்புக் கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் பன்னிரண்டு நாற்காலி, ஓர் அடுப்பு, ஒரு சமையல்காரம்மா. வருடா வருடம் கல்யாண வீட்டுக்குத் தொண்ணூற்றொன்று, ஆஸ்பத்திரிக்கு எண்பத்துநான்கு, சந்துக்கு முப்பத்தெட்டு. கண்ணை மூடிக்கொண்டு போடலாம் போல அப்படி ஒரு நிலவரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு ஏறாமல் உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவார்களா? ஒலிபெருக்கியில் முதலில் விமானத்தின் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அது நாக்கின் காதில் ஏறாது, ஏறவேண்டிய அவசியமும் இல்லை. கடைசியில் அவர் பெயரையே, தகப்பன் பெயரோடு சேர்த்து, மூன்று தடவை கூவுவார்கள். அதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம் விடும் மணி. பெயர் கேட்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இடது பக்கம் திரும்பி, பயணம் போகாதவர்கள் வெளியேறும் கதவுக்கு நடையைக் கட்டுவார். அங்கே காவல்கார அம்மா பதிவேட்டில் கையெழுத்து வாங்கி முத்திரை குத்துவார். அப்புறம் பஸ், வீடு, சோறு.

அவர் மனைவிக்குப் பெண்கள் விடுதி ஒன்றில் சமையலறை மேலாளர் வேலை. நூற்று நாற்பது பெண்களுக்கு மூன்று வேளை சாப்பாடு, நூற்று நாற்பது வாய்ப்பேச்சு. அத்தனையையும் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், புருஷன் ரொட்டியின் மேல்தோல் மொறுமொறுப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்குவாள். "ஏரோப்ளேன் வாசல் வரைக்கும் போய்த் திரும்புறதுக்கு இவ்ளோ பேச்சா" என்பாள். வீட்டில் இதை யாரும் மறைத்ததில்லை. நாக்கு விமானம் ஏறாதவர் என்பது அந்த வீட்டின் நிரந்தரச் சிரிப்பு.

சிரிக்க முடியாத இடம் ஒன்றும் இருந்தது. ஒரே மகள், கடல் தாண்டிய ஊரில் வேலை. அவள் பட்டம் வாங்கும்போது வருகிறேன் என்று சொன்னார். அந்த வாரம்தான் லவுஞ்ச் ஒன்றைப் புதுப்பித்துத் திறந்தார்கள், போகவில்லை. அவள் குடல்வால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு தனியாகப் படுத்திருந்தபோதும் வருகிறேன் என்றார். அறிக்கைக்குக் கெடு, போகவில்லை. மகள் இரண்டு தடவையும் பரவாயில்லப்பா என்றுதான் சொன்னாள். இப்போது அவளுக்குக் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு, பெண் வீட்டுச் சாட்சியாக அப்பா கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரே விமானம், பகல் பதினொன்று நாற்பதுக்கு. முந்தின நாள் விமானத்தை விட்டால் கல்யாணமே போச்சு.

"இந்தத் தடவை மட்டும் நீங்க போகலேன்னா, அவ பரவாயில்லன்னுதான் சொல்லுவா. ஆனா அதுக்கப்புறம் நம்மள எதுக்கும் கூப்பிட மாட்டா" என்றாள் மனைவி. நாக்கு அன்றைக்கே ரத்து செய்ய முடியாத டிக்கெட்டாகப் பார்த்து இரண்டு எடுத்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை ஆறரை மணிக்கே மனைவி அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்துவிட்டாள். பெட்டி வாங்கும் கவுண்ட்டரை அப்போதுதான் திறந்தார்கள். அந்த விமானத்துக்கு முதல் பெட்டி இவர்களுடையதுதான். கல்யாணத் துணி, மகளுக்குப் பிடித்த தின்பண்டம், இரண்டு சட்டி, ஒரு போர்வை எல்லாவற்றையும் திணித்துக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய பெட்டி. அது உருண்டு உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

இனி ஐந்து மணி நேரம் என்ன செய்வது? விமானம் நிற்கும் வாயில் அருகே போய் உட்காரலாம் என்றாள். நாக்கு மெல்ல இழுத்தார். அலுவலகத்தில் கல்யாணப் பரிசாக இரண்டு பேருக்கும் லவுஞ்ச் அனுமதி கொடுத்திருக்கிறார்கள், ஒரு காபி மட்டும் குடித்துவிட்டு வந்துவிடலாமே என்றார். பதினோரு வருடம் காது புளிக்கக் கேட்ட இடமாயிற்றே, அவளுக்கும் ஆசை இல்லாமல் இருக்குமா? ஒரே ஒரு காபி என்று ஒத்துக்கொண்டாள்.

கல்யாண வீட்டு வாசலில் இரண்டு பேர் குனிந்ததும் அவளும் பதிலுக்குக் குனிந்தாள். உள்ளே அன்னப்பறவையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். நாக்குக்குப் பெருமை பிடிபடவில்லை. தான் கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி ஒவ்வொரு ரொட்டியாகக் காட்டி, இது இன்ன மாவு, இதற்கு இன்ன மதிப்பெண் என்று அளந்துகொண்டே போனார். அவள் தட்டு நிறைய எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாதி சாப்பிட்டாள். தட்டைப் பார்த்தாள். எழுந்து விறுவிறுவென்று மூலைக்குப் போனாள்.

அங்கே ஒரு திரைக்குப் பின்னால், சாப்பிட்ட தட்டுகளை அடுக்கும் தள்ளுவண்டி நின்றது. இவள் யாரையும் கேட்கவில்லை, திரையை விலக்கி எண்ண ஆரம்பித்துவிட்டாள். விடுதியில் அவள் தினமும் செய்கிற வேலை அதுதான். எந்தப் பெண் என்ன சொன்னாள் என்றெல்லாம் கேட்கமாட்டாள், திரும்பி வந்த தட்டில் என்ன மிச்சம் என்று பார்ப்பாள்.

"பதினெட்டு ரொட்டின்னு பீத்திக்கிட்டீங்க. பதினாலு ஒரு கடி கடிச்சு அப்படியே வந்திருக்கு" என்றாள். "இதுக்கா தொண்ணூத்தொண்ணு?"

நாக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. மிச்சம் வைப்பது சாப்பிடுகிறவனின் புத்தி, அதற்கு ரொட்டி என்ன செய்யும் என்றார். மூன்று கரண்டியில் தான் கண்ட ருசி பொய்யா என்றார்.

"நீங்க ருசி பார்க்குறீங்க, நான் பசி பார்க்குறேன். வாங்க, மத்த ரெண்டையும் பார்த்துடலாம்" என்று பையைத் தோளில் மாட்டினாள். காபி, வாயில் அருகே உட்காருவது எல்லாம் காற்றில் போயிற்று.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கையுறை போட்ட பணியாளரிடம் ஏதோ பேச்சுக் கொடுத்து, பின்பக்கமாகத் தள்ளுவண்டி வரைக்கும் போய்விட்டாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து புருஷன் காதில் ரகசியம் சொன்னாள்: உருளைக்கிழங்கை ஒருத்தரும் தொடவே இல்லையாம், சூப் மட்டும் பரவாயில்லையாம், அதையும் அந்தச் சூட்டில் குடிக்க முடியாமல் ஆறவைத்துப் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்களாம். நாக்கு வெப்பமானியைத் தடவிக்கொண்டார். அறுபத்தெட்டு டிகிரிக்குப் பதினைந்துக்குப் பதினைந்து கொடுத்தவர் அவர்தான். சிரிப்பு வேறு வந்து தொலைத்தது. கோபமாக இருக்க நினைத்தார், முடியவில்லை. பதினோரு வருடமாகத் தனியாக உட்கார்ந்து தின்ற இடத்தில் இப்போது சண்டை போட ஒரு ஆள் கிடைத்ததில் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஓட்டமும் நடையுமாகப் படியிறங்கி வந்ததைப் பார்த்தவர்கள், இவர்களுக்குத்தான் நாளை கல்யாணம் என்று நினைத்திருப்பார்கள்.

சந்துக்கு வந்தபோது மணி பத்தேகால். உள்ளே பாத்திரங்கள் மூன்றும் காலி. நாக்கு வெற்றிச் சிரிப்போடு நோட்டைப் பிரித்துக் காட்டினார். பாத்திரம் காலி, பூஜ்யம். பாத்திரம் காலி, பூஜ்யம். பக்கத்துக்குப் பக்கம் அப்படியே இருந்தது.

மனைவி நோட்டைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், தள்ளுவண்டியைப் போய்ப் பார்த்தாள். தட்டுகள் ரொட்டியால் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தன. திரும்பி வந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டாள்.

"காலியான பாத்திரத்துக்குச் சைபரா? எங்க விடுதில காலியான பாத்திரத்துக்குத்தாங்க சம்பளமே ஏத்துவாங்க."

சந்து சமையல்காரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, எது வைத்தாலும் அரை மணிக்குள் தீர்ந்துபோகிறது, தனி ஆளாகத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன், உட்காருங்கள், இதோ ஆகிவிடும் என்றாள். பதினோரு வருடமாக இவர் காலிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் பூஜ்யம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒரு நாளாவது பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். முதலில் அவருக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிற்று பாருங்கள், அடக்கவே முடியவில்லை. மேசையைத் தட்டிச் சிரித்தார். மனைவிக்கும் தொற்றிக்கொண்டது. எதற்கு என்று தெரியாமல் சமையல்காரம்மாவும் சிரித்தாள்.

காளான் போட்ட முட்டை வந்தது, கூடவே வெண்ணெயில் வாட்டிய ரொட்டி, மிளகு தூக்கலாக ஒரு கோழிச் சூப். மூன்று கரண்டி ஆயிற்று. நாலாவது கரண்டியை எடுத்தபோது அவர் கை ஒரு கணம் தயங்கியது, அவ்வளவுதான். தட்டு காலி. இன்னொரு தட்டு வாங்கினார், அதுவும் காலி. நோட்டில் முப்பத்தெட்டை அடித்துவிட்டுத் தொண்ணூற்றாறு என்று எழுதினார். அப்படி எழுதியதில் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மனைவி சமையல்காரம்மாவோடு மிளகை இடிப்பதா அரைப்பதா என்று பேசிக்கொண்டிருந்தாள். அப்போது ஒலிபெருக்கி ஏதோ சொல்லியது.

"ஏங்க, எழுநூத்தி நாப்பத்தொண்ணுன்னு சொல்றாங்களே, நம்ம ஃப்ளைட்தானே அது?"

நாக்கு சூப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது நமக்கில்லம்மா" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. ஆயிரம் தடவை மனசுக்குள் சொன்னது, ஆயிரத்தொன்றாவது தடவை வாய்வழியாக வந்துவிட்டது. அவளும் நம்பிவிட்டாள். விமான நிலையத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் புருஷன், அவருக்குத் தெரியாததா?

இன்னும் கால் மணி நேரம் போயிற்று. ஒலிபெருக்கி இப்போது அவர் பெயரையே கூப்பிட்டது. தகப்பன் பெயரோடு சேர்த்து, மூன்று தடவை. கூடவே மனைவி பெயரையும். நாக்கு சட்டென்று வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி, கூப்பிட்டாச்சு. கிளம்பலாம்" என்று எழுந்தார். சமையல்காரம்மாவுக்குக் கும்பிடு போட்டார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, வயிறு நிறைந்த திருப்தியில் ஏதோ முனகிக்கொண்டே, இடது பக்கம் திரும்பி நடந்தார்.

அவர் பாட்டுக்கு நடந்தார். கால்களுக்கு வழி தெரியும். நீளமான தாழ்வாரம், தண்ணீர்க் குழாய், கண்ணாடிக் கதவு. கதவருகே மேசை போட்டு உட்கார்ந்திருந்த காவல்கார அம்மா, தெரிந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். நாக்கு கையெழுத்துப் போட்டார். மனைவியும், விமானம் ஏற இதெல்லாம் வேண்டும் போலிருக்கிறது என்று கீழே தன் பெயரை அழகாக எழுதினாள். எழுதிவிட்டு மரியாதையாகக் கேட்டாள்.

"ஜன்னல் பக்கம் சீட்டு வேணும்னா உங்ககிட்டதான் கேக்கணுமாங்க?"

"என்ன ஜன்னலும்மா?" என்றார் காவல்கார அம்மா. "இது ரோட்டுக்குப் போற கதவு."

கண்ணாடிக்கு வெளியே பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. நாக்கு வழக்கமாக ஏறுகிற பஸ். அதைப் பார்த்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை, மகளின் செல்லப் பெயரை மட்டும் மெல்லச் சொன்னாள். அவர் அந்த இடத்திலேயே அழுதுவிட்டார்.

காவல்கார அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணம், பத்து மணி, ஒரே விமானம் என்று மனைவி படபடவென்று கொட்டினாள். காவல்கார அம்மா கையில் எடுத்திருந்த முத்திரைக் கட்டையை மேசைக்குள் போட்டுப் பூட்டினார்.

"முத்திரை குத்தல. குத்தாத வரைக்கும் நீங்க உள்ள இருக்குறவங்கதான். ஓடுங்க சார்."

ஓடினார்களா? ஓட்டமென்றால் அப்படி ஓர் ஓட்டம். காவல்கார அம்மா கைக்கருவியில் யாரையோ அழைக்க, வயதானவர்களை ஏற்றிச் செல்லும் பேட்டரி வண்டி ஒன்று பாதி வழியில் வந்து நின்றது. வண்டி ஓட்டுநர் சாவகாசமான ஆசாமி. மனைவி அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, வழியில் நின்றவர்களையெல்லாம் விடுதிக் குரலில் விலக்கினாள். நூற்று நாற்பது பெண்களைச் சாப்பாட்டு வரிசையில் நிறுத்திய குரல். பெட்டிகளை இழுத்துக்கொண்டு போனவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். நாக்கு பின்பக்கம் பார்த்த இருக்கையில், இரண்டு தட்டு முட்டையும் குலுங்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர்கள் விமானத்துக்கான வாயில் இருபத்தேழு, எல்லாவற்றிலும் கடைசி.

வாயிலில் நின்ற அதிகாரி முடியாது என்று தலையை ஆட்டினார். கணக்கெடுத்து முடித்துவிட்டோம், உங்கள் இரண்டு பேரையும் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று என்றார். ஆள் ஏறாவிட்டால் பெட்டியையும் இறக்க வேண்டும் என்பது விதி. இறக்கத்தான் போயிருக்கிறார்கள், முதலில் வந்த பெட்டி என்பதால் அது அடி ஆழத்தில் எல்லாவற்றுக்கும் பின்னால் கிடக்கிறதாம், இருபது நிமிடமாகத் தோண்டுகிறார்களாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கைக்கருவி கரகரத்தது. கயிறு கட்டிய பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டோம், கயிறு எதிலோ மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது என்றது ஒரு குரல்.

"அது வராதுங்க" என்றாள் மனைவி. "நான் கட்டினது. பெட்டிய எடுக்குறதவிட எங்கள ஏத்துறது சுலபம்."

அதிகாரி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கருவியில், பெட்டியை விடுங்கள், ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றார்.

உள்ளே நூற்றெண்பது பேர் முறைத்தார்கள். நாக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். சக்கரங்கள் தரையை விட்டபோது மனைவியின் முழங்கையை இறுக்கிப் பிடித்தார், அவளுக்கு இரண்டு நாள் வலித்தது. மேகத்தைப் பார்த்ததும் அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. வாயில் ஈ நுழைவது தெரியாமல் பார்த்துக்கொண்டே வந்தார். சாப்பாடு கொண்டுவந்தவர் இரண்டு தடவை கேட்டுவிட்டு, பதில் வராததால் போய்விட்டார். நான்கு மணி நேரமும் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் முதல் தடவையா என்று கேட்டபோது, ஆமாம் முதல் தடவை என்று அவர் சொன்ன குரலில் அத்தனை கும்மாளம்.

இறங்கி வெளியே வந்தால், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் மகள் நின்றுகொண்டிருந்தாள். கூட மாப்பிள்ளைப் பையன். மகள் முதலில் அம்மாவைப் பார்த்துக் கையாட்டினாள். அம்மாவுக்குப் பின்னால் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அப்பா வருவதைப் பார்த்ததும் ஆட்டிய கை அந்தரத்தில் நின்றது. அப்படியே தரையில் குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. பதிவு அலுவலகத்துக்கு மூன்று வாரம் முன்பே படிவம் கொடுத்தாயிற்று. அதில் பெண் வீட்டுச் சாட்சி என்ற இடத்தில் மகள் அப்பா பெயரைக் கொடுக்கவில்லை. தான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பெயரைக் கொடுத்திருந்தாள். அம்மா மட்டும் வந்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாளாம்.

"நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சுட்டேன்பா" என்றாள். "வருவீங்கன்னு நெனச்சுக் காத்திருந்து, நீங்க வரலேன்னா என்னால தாங்க முடியாது. அதான் நானே முந்திக்கிட்டேன்."

விமானம் ஏறியதிலிருந்து சிரித்துக்கொண்டிருந்த மனிதரின் முகம் சுருங்கிப் போயிற்று. இரண்டு தடவையும் பரவாயில்லப்பா என்றவள், உள்ளுக்குள் எவ்வளவு வைத்திருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது. அவள் தலையில் கையை வைத்தார். அவள் அந்தக் கையை இறக்கவிடவில்லை.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்கெல்லாம் எல்லோரும் பதிவு அலுவலகத்தில் இருந்தார்கள். வீட்டுக்காரர் பாவம், இதற்கென்றே புதுக் கோட்டு தைத்து, ஒரு வாரமாகக் கையெழுத்துப் பழகியிருந்தார். அப்பா வந்துவிட்டார் என்றதும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது. நாக்கின் மனைவி அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்த் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தாள், அவர் சமாதானமாகிவிட்டார்.

பதிவு அலுவலர் கறார்ப் பேர்வழி. அச்சடித்த படிவத்தில் பெயரை அடிப்பதா என்று சிடுசிடுத்தார். கடைசி நிமிடத்தில் சாட்சியை மாற்றினால், மாற்றிய இடத்திலெல்லாம் பெண்ணும் மாப்பிள்ளையும் புதுச் சாட்சியும் கையெழுத்துப் போட வேண்டும், மொத்தம் ஒன்பது இடம் என்றார். மகள் பேனாவை வாங்கி வீட்டுக்காரர் பெயரின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேல் அப்பாவின் முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு சேர்த்து, தானே எழுதினாள்.

அலுவலர் கண்ணாடிக்கு மேலாக நாக்கை ஏற இறங்கப் பார்த்து, பெண்ணுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். வாயை வைத்தே பிழைத்த மனிதர் வாயைத் திறக்கும் முன் மகளே பதில் சொல்லிவிட்டாள்.

"எங்கப்பா சார். என் கல்யாணத்துக்காக வந்திருக்காரு. ஃப்ளைட்ல வந்திருக்காரு."

எப்படி வந்தார் என்று அலுவலர் கேட்கவே இல்லை.